பன்னிரண்டு பாட்டுக்கும் ஒரே அடி

ஹம்பர்க் துறைமுகம்
12 ஜனவரி 1992

மௌரி அக்கா,

நானும் கப்பலில் இருக்கும் நம் தீவுக்காரர்கள் ஒன்பது பேரும் நலம். இந்த மௌரி வணக்கம் உனக்கு மட்டுமல்ல, தானியேரா அத்தானுக்கும்தான். இருவரும் நலம்தானே? அத்தானின் முதுகுவலிக்குத் தைலம் தேய்க்கிறாயா, அல்லது வழக்கம்போல வசவைத்தான் தேய்க்கிறாயா?

இங்கே குளிர் மூக்கை அறுக்கிறது. ஆனால் பாட்டு இருக்கிறது பார், அதற்காகவே கரைக்கு இறங்கலாம். எந்தக் கடைக்குள் போனாலும் தும் தும் என்று ஒரே அதிர்வு. கையால் அடிக்கிறவன் எவனும் கிடையாது. இயந்திரம் அடிக்கிறது. நடுவில் ஒருவன் பாடாமல் மடமடவென்று பேசிவிட்டுப் போகிறான். பிறகு ஒருத்தி வந்து தொண்டை கிழியப் பாடுகிறாள். இந்த வருஷம் உலகம் முழுக்க இதுதான் ஓடுகிறது. நாமோ இன்னும் இரண்டு கிதாரையும் ஒரு உகுலேலேயையும் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் ஒரு கீபோர்டு வாங்கிவிட்டேன். பொத்தானை அமுக்கினால் மத்தளம், தாளம், பாஸ் கிதார் எல்லாம் தானே வரும். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் ருவேத்தியிடம் கொடுத்தனுப்புகிறேன். அதற்கான புத்தகத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். ஜெர்மன் மொழியில் இருக்கிறது. இரண்டாம் அதிகாரி பக்கம் பக்கமாகச் சொல்லித் தருகிறார்.

நவம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. வந்ததும் என் பாட்டுகளை வைத்து ஒரு காசெட் போடப் போகிறேன். அது நன்றாக ஓடினால் கடலுக்குத் திரும்ப மாட்டேன். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கீபோர்டுப் பெட்டியைப் பார்ப்பவர் கேட்பார், கேட்டவருக்கு நீ கொடுப்பாய். என் சைக்கிளும் வெள்ளைச் சட்டையும் அப்பாவின் தூண்டில் பெட்டியும் எப்படிப் போயின என்று உனக்கே தெரியும். இதை யார் கண்ணிலும் காட்டாதே.

நலமும் அமைதியும் உன் வீட்டை விட்டு நகராமல் இருக்கட்டும்.

தம்பி இயோத்தெபா

*

பெசோ, தராவா
17 பிப்ரவரி 1992

தம்பி இயோத்தெபாவுக்கு,

மௌரி. இங்கே எல்லோரும் சுகம். அத்தானின் முதுகு சரியாகிவிட்டது, வாய்தான் சரியாகவில்லை. நீ குளிரில் காதை மூடிக்கொள்கிறாயா? சின்ன வயதிலேயே உனக்குச் சளி பிடித்தால் மாதக்கணக்கில் விடாது.

பெட்டி நேற்று வந்தது. ருவேத்தி அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். நான் கதவைச் சாத்தி, பாயில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே அரிசி மூட்டையை வைத்தேன். போதுமா?

போதவில்லை. நான் குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் உன் அத்தான் மூட்டையை நகர்த்தி, ஒயரை மாட்டி, ஒரே ஒரு பொத்தானை அமுக்கியிருக்கிறார். குடத்தோடு திரும்பி வருகிறேன், வாசலில் எண்பது பேர். மீன் விற்பவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆடுகிறாள். "நான் சும்மா தொட்டுத்தான் பாத்தேன், அதுவா ஆரம்பிச்சுருச்சு" என்கிறார் இந்த மனுஷன். எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒயரைப் பிடுங்கினேன்.

கண்ணில் காட்டாதே என்றாய். காட்டவில்லை. காதில் விழுவதற்கு நான் என்ன செய்ய? இனிமேல் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன், கவலைப்படாதே.

கடவுள் உன் கப்பலுக்கு அமைதியான கடலைத் தரட்டும்.

அக்கா தெரெத்தியா

*

பெசோ
24 பிப்ரவரி 1992
(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை.)

மௌரி தம்பி,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. பெட்டி போய்விட்டது.

தெவரேகா மாமா வடக்கே அபயாங் தீவிலிருந்து படகில் வந்தார். இளநீர்க் குலை ஒன்று, புதுப் பாய் ஒன்று. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, வாசலிலா நிறுத்துவது? பதநீர் கொடுத்தேன். குடித்தார். காற்றைப் பற்றிப் பேசினார், மீனைப் பற்றிப் பேசினார். நான் கட்டில் பக்கம் பார்க்காமலே இருந்தேன். பிறகு பாயை என் பக்கம் தள்ளினார்.

"தெரெத்தியா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். எங்க சர்ச்சு இளசுங்க பாட்டுக் கூட்டத்துக்கு அந்தப் பெட்டி வேணும். இது என் புபுசி."

சொந்தக்காரர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபிறகு இல்லை என்று சொன்னவர் நம் குடும்பத்தில் யார்? அது தம்பியுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். தம்பியுடையது அக்காவுடையது இல்லையா என்று அவர் கண்ணே கேட்டது. எடுத்துக் கொடுத்தேன். ஒயரையும் சுற்றிக் கொடுத்தேன். படகு வரை நானே சுமந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. பெட்டி இல்லை என்று தெரிந்தால் நீ இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவாய், இன்னும் ஒரு வருஷம் கடலில் கிடப்பாய். அம்மா போனபிறகு உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். இதை எப்படி எழுதி அனுப்புவேன்?

*

பெசோ
25 பிப்ரவரி 1992

தம்பிக்கு,

மௌரி. இங்கே நலம். மழை இல்லை. கிணற்று நீர் கொஞ்சம் உப்புக் கரிக்கிறது. அத்தான் உனக்கு மௌரி சொல்லச் சொன்னார். ரேடியோவில் சனிக்கிழமை விருப்பப் பாடல் நிகழ்ச்சியை இப்போது இரண்டு மணி நேரம் ஆக்கிவிட்டார்கள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா தெரெத்தியா

*

ரோட்டர்டாம்
20 ஏப்ரல் 1992

மௌரி அக்கா,

எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, சளிகூடப் பிடிக்கவில்லை. உன் போன கடிதம் தந்தி மாதிரி இருந்ததே. அத்தானோடு சண்டையா?

பெட்டியைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாதா? வாரம் ஒருமுறை துணியால் துடைக்கிறாயா? உப்புக் காற்று பட்டால் உள்ளே துருப்பிடிக்குமாம், புத்தகத்தில் போட்டிருக்கிறது. நான் முப்பத்திரண்டாம் பக்கம் வரை வந்துவிட்டேன். அதில் நூறு விதமான அடிகள் இருக்கின்றன அக்கா. ஒவ்வொன்றுக்கும் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். என் கட்டிலில் படுத்துக்கொண்டு சுவரில் விரலால் வாசித்துப் பழகுகிறேன். மேல் கட்டிலில் படுத்திருப்பவனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

நாலு பாட்டு எழுதியாகிவிட்டது. ஒன்று காயல் பாலத்தின்மேல் பாட்டைக் கத்தவிட்டுக்கொண்டு ஓடும் மினிபஸ்ஸைப் பற்றி. அதற்கு வேகமான அடி. இன்னொன்று அம்மாவைப் பற்றி. அதற்கு அடியே வேண்டாம், கடைசி வரியில் மட்டும் மெதுவாக வந்தால் போதும்.

இங்கே இன்னொரு புதுக்கூத்தும் கிளம்பியிருக்கிறது. கட்டம் போட்ட சட்டை, வாராத தலைமுடி, கிதாரை அடித்து நொறுக்குவதுபோல ஒரு கத்தல். சினிமாவில் வந்த காதல் பாட்டு ஒன்றும் எந்தக் காப்பிக் கடையிலும் நம்மை விடுவதில்லை. இரண்டாம் அதிகாரி அதைக் கேட்டால் அழுகிறார். அவருக்கு வீட்டில் ஏதோ மனக்குறை போலும்.

கம்பெனியிலிருந்து இன்னொரு வருஷத்துக்குத் தாள் அனுப்புவார்களாம். அக்டோபர் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். என் பதில் உனக்குத்தான் தெரியுமே.

வீட்டில் எல்லோரும் வயிறார உண்டு, மனசாரச் சிரித்து இருங்கள்.

இயோத்தெபா

*

பெசோ
8 ஜூன் 1992

அன்புத் தம்பிக்கு,

மௌரி. நாங்கள் சுகம். அத்தானோடு சண்டை இல்லை, அதாவது வழக்கத்துக்கு மேல் இல்லை. நீ மெலிந்துவிட்டாய் என்று ருவேத்தி சொன்னான். அந்த ஊர் ரொட்டியில் என்ன இருக்கிறது? மீன் கிடைத்தால் வாங்கித் தின்னு.

பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. உப்புக் காற்று படாமல் துணி போட்டு மூடித்தான் வைத்திருக்கிறது என்று கேள்வி. பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நீ ஏன் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாய்? பாட்டை எழுது.

இங்கேயும் புதுக்கூத்துத்தான். வடக்குத் தீவுப் பாட்டுக் கூட்டம் ஒன்று போட்ட காசெட் ஊரையே பிடித்து ஆட்டுகிறது. ரேடியோவில் ஒரு நாளைக்கு மூன்று தடவை. பஸ்ஸில் அது, மீன் விற்கும் இடத்தில் அது, குழாயடியிலும் அதுதான். கல்யாணப் பாட்டு, கர்த்தர் பாட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் எண் பாட்டு எல்லாவற்றுக்கும் ஒரே அடி. போன வாரம் பைரிக்கியில் ஒரு சாவு வீட்டுக்குப் போனேன். அழுகைப் பாட்டுக்கும் அதே தும் தும். இறந்தவரின் மனைவி முகத்தைத் துணியால் மூடி அழுகிறாள், அவளுடைய முழங்கால் மட்டும் பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருக்கிறது. எங்களுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

எந்தத் தீவு என்று கேட்காதே, நான் சரியாக விசாரிக்கவில்லை. அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

உன் காலடியில் கப்பல் தளம் ஆடாமல் இருக்கட்டும்.

அக்கா தெரெத்தியா

*

சாந்தோஸ், பிரேசில்
2 ஆகஸ்ட் 1992

மௌரி அக்கா,

நான் நலம். மெலியவில்லை, ருவேத்திக்குக் கண் சரியில்லை. நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் சொல்லிக்கொள்கிறேன்.

நீ எழுதிய அந்தக் காசெட் எங்களிடமும் வந்துவிட்டது. மாற்று ஆளாக வந்த பையன் ஒருவன் கொண்டுவந்தான். நம்மவர்கள் பத்துப் பேரும் சாப்பாட்டு அறையில் வைத்துக் கேட்டோம். சும்மா உட்கார்ந்து கேட்க யாரால் முடியும்? சமையல்காரர் மாவுக் கையோடு ஆடினார். நம் வழக்கப்படி நல்லா ஆடியவன் கழுத்தில் பூசப் பவுடர் இல்லாததால் மாவைத்தான் பூசினோம். கேப்டன் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பன்னிரண்டு பாட்டு. பன்னிரண்டுக்கும் ஒரே அடி, ஒரே வேகம். அந்த அடி எனக்குத் தெரியும் அக்கா. ஹம்பர்க் கடையில் பெட்டியைப் போட்டதும் முதலில் வந்தது அதுதான். பெட்டியை அணைத்துப் போட்டால் எப்போதும் அதுதான் முதலில் வரும், மற்ற தொண்ணூற்றொன்பதுக்கு எண்ணை அமுக்க வேண்டும் என்று பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. உலகத்தில் அந்த மாதிரிப் பெட்டிகள் நிறைய இருக்கும். தராவாவைச் சுற்றி எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

காசெட் உறையில் அபயாங் என்று போட்டிருக்கிறது.

கம்பெனித் தாள் வந்துவிட்டது. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்றும் எழுதவில்லை. நாலு பாட்டு ஏழாகியிருக்கிறது.

வேறென்ன? உன் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.

உன் சுகமே என் சுகம்.

இயோத்தெபா

*

அபயாங்
6 செப்டம்பர் 1992

அக்காள் மகள் தெரெத்தியாவுக்கு மாமன் தெவரேகாவின் மௌரி.

நாங்கள் நலம். உன் அத்தைக்குக் கால் வீக்கம் வற்றியது. நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

பெட்டியால் நம் குடும்பத்துக்கு வந்த பெருமையை நீ ரேடியோவில் கேட்டிருப்பாய். சுதந்திர நாள் விழாவில் எங்களுக்குத்தான் முதல் பரிசு. இங்கே கரண்ட் இல்லாததால் டார்ச் செல்லில் ஓட்டுகிறோம். இப்போது அபயாங் முழுவதிலும் ஒரு டார்ச்சும் எரிவதில்லை. எல்லாரும் தடுக்கித் தடுக்கித்தான் நடக்கிறார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

ஒரு சங்கடம். பெட்டியில் நிறையப் பொத்தான்கள் இருக்கின்றன. ஈஸ்டர் ஆராதனையில் எங்கள் வாசிப்பாளன் தவறி ஒன்றை அமுக்கினான். போதகர் ஜெபம் சொல்லும்போது பெட்டி நாய் மாதிரிக் குரைத்தது. அன்றைக்கே நான் ஒரு பொத்தானை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டேன். ஆனால் இப்போது ஜனங்கள், "மாமா, வேற அடியே வராதா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தப் பெட்டிக்கு ஒரு புத்தகம் உண்டு என்று ருவேத்தி சொன்னான். அதையும் உன்னிடம் கேட்கிறேன். இது என் புபுசி.

கடவுள் காப்பார்.

தெவரேகா

*

பெசோ
1 அக்டோபர் 1992

என் தம்பிக்கு,

மௌரி. உடம்புக்கு நான் நலம். மனசுக்கு ஏழு மாதமாக நலமில்லை.

உன் பெட்டி என்னிடம் இல்லை. வந்த ஒரு வாரத்திலேயே தெவரேகா மாமா கேட்டார், கொடுத்துவிட்டேன். அன்றே எழுதிய கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், படித்துப் பார். அதை அனுப்பாமல் கிணற்று நீரைப் பற்றி எழுதி அனுப்பினேன். பயந்துதான் செய்தேன். நீ கடலிலேயே தங்கிவிடுவாயோ என்று பயம். உன் ஆகஸ்ட் கடிதத்தை நூறு தடவை படித்தேன். உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு வார்த்தை திட்டவில்லையே, அதுதான் என்னை அரித்துவிட்டது.

மாமா இப்போது புத்தகத்தையும் கேட்டு எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம், அப்புறம் சிரிப்பு, அப்புறம் ஒரு யோசனை. கேட்பதற்கு அவருக்கு மட்டும்தான் வாய் இருக்கிறதா? மறுநாளே இளநீர்க் குலை, புதுப் பாய், அவருடையதைவிடப் பெரிய பாய், எல்லாம் எடுத்துக்கொண்டு படகேறினேன்.

ஊர்க்கூடத்தில் உட்கார வைத்தார். பதநீர் கொடுத்தார். நான் காற்றைப் பற்றிப் பேசினேன், மீனைப் பற்றிப் பேசினேன். அவருக்கு வியர்க்க ஆரம்பித்தது. பாயைத் தள்ளினேன்.

"பெட்டியைக் கேக்க வந்தியா?" என்றார்.

"பெட்டி எதுக்கு மாமா? கொடுத்ததைக் கேக்குற வீட்லயா நான் பொறந்தேன்? எனக்கு நீங்க வேணும். உங்க கூட்டம் மொத்தமும் வேணும். தம்பி நவம்பர்ல வர்றான். அவன் பாட்டைக் காசெட்டாப் போட்டு முடிக்கிற வரைக்கும் எங்க வீட்லயே தங்கி அவனுக்கு வாசிக்கணும். இது என் புபுசி."

மாமா கடலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில், "பெட்டியில்லாம நாங்க வந்து என்ன பண்றது?" என்றார்.

"அது உங்க யோசனை" என்றேன்.

அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தபிறகு கூடமே சிரித்தது.

நேற்று வந்து இறங்கினார்கள். பத்தொன்பது பேர், நடுவில் துணி போர்த்திய பெட்டி. சமைத்துச் சமைத்து என் கை ஓய்ந்துவிட்டது. உன் அத்தான் மட்டும் ஆனந்தத்தில் மிதக்கிறார், அந்த ஒரு பொத்தானை அமுக்கும் வேலையை மாமா அவரிடம் கொடுத்திருக்கிறார். பெட்டி இன்னும் மாமாவுடையதுதான், அதை மாற்ற முடியாது. உன் பாட்டு உன்னுடையதாகவே இருக்கும், அதுவும் மாறாது.

இதெல்லாம் உன் கைக்கு வருவதற்குள் அந்தத் தாளில் நீ கையெழுத்துப் போட்டிருந்தால் தப்பு என்னுடையது. போடாமல் இருந்தால் வா. பெட்டிக்காக இல்லாவிட்டாலும் வா.

உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கும்படி கடவுளைக் கேட்டிருக்கிறேன்.

அக்கா தெரெத்தியா

*

ஹம்பர்க்
28 அக்டோபர் 1992

மௌரி அக்கா,

நான் சுகம். இவ்வளவு சுகமாக இந்த வருஷத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. வீட்டில் இருக்கும் இருபத்தொரு பேரும் நலம்தானே?

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. தளத்தில் நின்றே படித்தேன். பெட்டி நாயாகக் குரைத்த இடத்தில் போதகர் முகத்தை நினைத்துக்கொண்டு சிரித்தேன். மாமாவின் கடிதத்தையும் உள்ளே வைத்ததற்கு நன்றி. உன் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்தபோது சிரிக்கவில்லை.

காசெட்டைக் கேட்ட அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. பெட்டி போனதற்காக இல்லை. நீ கொடுத்துவிடுவாய் என்று வாங்கும்போதே பாதி தெரியும். நீ என்னிடம் மறைக்கிறாயே என்றுதான் வந்தது. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை பேனாவைத் திறந்தேன். அப்புறம், நேராகவே கேட்டுவிடலாம், பெட்டி எங்கே அக்கா என்று ஒரு வரி எழுதினால் பதில் வந்துவிடுமே என்று நினைத்தேன். எழுதவில்லை.

ஏன் தெரியுமா? யார் எதைக் கேட்டாலும் உன்னால் மறுக்க முடியாது. கேட்டிருந்தால் உண்மையையும் எடுத்துக் கொடுத்திருப்பாய், சைக்கிளைக் கொடுத்தது மாதிரி. ஊரில் எல்லாரும் உன்னிடம் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள். நான் ஒருவனாவது கேட்காமல் வாங்க வேண்டும் என்று இருந்தேன். மூன்று மாதம் ஆனது, ஆகட்டும்.

தாளில் எதுவும் எழுதாமலே இன்று காலை கேப்டனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விமானம் நவம்பர் இருபத்தாறு. மாமாவிடம் பிளாஸ்திரியைப் பிரிக்க வேண்டாம் என்று சொல், நான் வந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன். அத்தானின் வேலையைப் பறிக்க மாட்டேன். பஸ் பாட்டுக்கு அந்த முதல் அடியே இருக்கட்டும், ஊரே ஆடுகிறதே. அம்மா பாட்டுக்கு மட்டும் யாரும் எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது. அதை நீதான் பாடப் போகிறாய். இது என் புபுசி.

எல்லோரும் நலமாக இருங்கள், உலையில் எனக்கும் ஒரு பிடி அரிசி சேர்த்துப் போடு.

தம்பி இயோத்தெபா